ஓசையும் ஒழுக்கும்: அறியாமையின் பொறுப்புக் குறித்து ஒரு நோக்கு

தெரிந்து செய்த பிழைக்குத் தண்டனையும் தெரியாமற் செய்த பிழைக்கு மன்னிப்பும் உண்டு என்பது உலக வழக்கு. நீதிமன்றமும் வீட்டுத் திண்ணையும் ஏறத்தாழ ஒரே குரலில் இதனை ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் தெரியாமை என்பது எல்லாவிடத்தும் ஒரே தன்மையதாகுமா? மழை வருமென அறியாதவனின் தெரியாமையும், வானம் கறுத்திருப்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவனின் தெரியாமையும் ஒன்றெனக் கொள்ளத்தக்கனவா? அறவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவைப் பெருநூல்களின் முகப்பிலிருந்து தொடங்குவதிலும், மலையகத்துப் பாதையொன்றிற் பேரிரைச்சலுடன் ஏறும் பழைய பிக்கப் வண்டியொன்றின் அடிப்புறத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். வினாவின் முழுப் பாரமும் அங்கே ஒரு துருப்பிடித்த குழாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவிசாவளை வழியாக ஹட்டனுக்கும், அதற்கப்பால் நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்வது ஏ-7 நெடுஞ்சாலை. அதனின்று பிரிந்து தேயிலை மலைகளுக்குள் இறங்கும் தோட்டப் பாதைகள் பல, கல் பெயர்ந்து பல்லாண்டாயினவை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இப்பாதைகளிற் கோவாவும் கரட்டும் லீக்சும், உர மூடைகளும், விறகும், சிலவேளைகளிற் கலியாண வீட்டுக் கதிரைகளும் ஏற்றிச் செல்வன பெரும்பாலும் பழைய பிக்கப் வண்டிகளே. 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதன் பின்னர் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய வண்டிகளுட் சில இன்றும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இலேயே மீண்டும் வழிதிறந்தமையால், கழித்துவிட வேண்டியவற்றுக்கும் ஆயுள் நீண்டது.

இத்தகைய வண்டியில் விரைவில் நோய்வாய்ப்படுவது புகை வெளியேறும் தொகுதியாகும். எஞ்சினை ஒட்டிய வார்ப்பிரும்புக் கிளைக்குழாய், அதிலிருந்து கீழிறங்கும் குழாய், நடுவிலே வயிறு பருத்த சைலன்சர், அதன் பின்னே வண்டியின் ஓரம்வரை நீளும் வால்குழாய் என்பன அதன் உறுப்புகள். ஒரு லீற்றர் பெற்றோல் எரியுமிடத்து ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகி இக்குழாய்களினூடே வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியிற் குழாய் நன்கு சூடேறி அந்த ஆவியைத் துரத்திவிடும். தோட்டத்திலிருந்து கடைவீதிக்கும் கடைவீதியிலிருந்து தோட்டத்துக்கும் குறுந்தூரம் ஓடி நிற்கும் மலைநாட்டு வண்டியிலோ அது சைலன்சரின் வயிற்றிலேயே குளிர்ந்து நீராகத் தேங்கும். எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து மென்னமிலமாகும். வெளியே மழையும் பனியும் தாக்க, உள்ளே இவ்வமிலம் அரிக்க, தகடு இருபுறமும் தேய்கிறது. ஒருநாள் பாதையிலே துருத்திய கல்லொன்று இடித்துவிட்டதும், ‘கல்லுப் பட்டு உடைந்தது’ என்று சாரதி கூறுவார். கல் படுமுன்பே அது உடைந்துவிட்டது என்பதே உண்மை.

உடைந்ததும் எழுவது ஓசை. அவ்வோசை பள்ளத்தாக்கின் இக்கரையிற் கிளம்பி அக்கரையில் எதிரொலிக்கும். லயத்துக் குழந்தைகள் விழித்தழுவார்கள், பொலிஸார் மறிப்பார்கள், வண்டிக்காரருக்கு வெட்கமாகிவிடும். எனவே திருத்தம் உடனே தொடங்குகிறது. பால்மாப் பேணியொன்றை வெட்டி விரித்து ஓட்டையின்மேற் சுற்றி, கம்பியால் இறுக்கி, மேலே பசை பூசுவது எளிய முறை. சற்று வசதியுள்ளவர் கராஜுக்குக் கொண்டுசென்று ஒட்டுப் போடுவிப்பார். இங்கே தொழில் அறிந்தவர்கள் ஒரு விடயத்தை வற்புறுத்துவதுண்டு. துருவேறி மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காது. நெருப்புப் பட்டவுடன் சிறு ஓட்டை பெரிய ஓட்டையாகும். நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெறிந்துவிட்டுப் புதுக்குழாயை அங்கே பொருத்த வேண்டும். எவ்வளவு தூரம் வெட்டவேண்டிவரும் என்பது வெட்டத் தொடங்கிய பின்பே தெரியும். அதனாலேதான் வெட்டத் தொடங்க எவரும் விரும்புவதில்லை.

மலையகத்தில் மாத்திரமன்றித் தமிழ் வழங்கும் பல இடங்களிலும் இத்தொகுதி முழுவதற்கும் ‘சைலன்சர்’ என்ற ஒரே பெயரே வழங்குகிறது. ஓசையை அடக்குவது என்பது அதன் பொருள். நச்சுப் புகையை மனிதர் இருக்குமிடத்துக்கு அப்பாற் கொண்டுசென்று விடுதல் என்ற அதன் மற்றைய தொழிலுக்குப் பேச்சு வழக்கிற் பெயரே இல்லை. பெயரில்லாத தொழில் கவனத்துக்கு வருவதுமில்லை. வால்குழாயின் கதி இதற்குச் சான்று. ஓசையை அடக்குவதிற் சைலன்சருக்குப் பின்னுள்ள வால்குழாயின் பங்கு மிகச் சிறிது. ஆகவே அது உக்கி விழுந்தாற் பலர் மாற்றுவதே இல்லை. வண்டி முன்போலவே அமைதியாக ஓடும். புகை மட்டும் வண்டியின் ஓரத்துக்கு அப்பாற் செல்லாது, பின்தட்டின் அடியிலேயே வெளிப்பட்டு, தட்டின் துருவோட்டைகளைத் தேடும். காதுக்குத் திருத்தம் முடிந்துவிட்டது. மூச்சுக்கு அது தொடங்கவேயில்லை.

அப்புகையில் அடங்கிய காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட நாட்டத்தோடு அது பிணைவதாக உடற்றொழிலியல் கூறும். டீசல் எஞ்சின் இவ்வாயுவைக் குறைவாகவே வெளியிடும் என்பது மெய்யே. ஆயினும் டீசற் புகை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 2012 இல் வகைப்படுத்தியதை மறத்தலாகாது. பழைய பெற்றோல் வண்டியிலோ ஆபத்து நேரடியானது. மலையேற ஏறக் காற்று ஐதாகிறது. காபரேற்றர் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்யாமையால் எரிபொருள் மிகுந்து எரிதல் குறைவுபடுகிறது. நச்சுவாயு மேலும் கூடுகிறது. ஓடும் வண்டியின் பின்னே உண்டாகும் தாழ்ந்த அமுக்கம், வெளியேறிய புகையையும் மீளத் தட்டுக்குள் இழுக்கிறது. மழைக்கென்று படங்கு போர்த்திவிட்டால் இழுத்தது அங்கேயே தங்கிவிடும்.

இவை வெறும் ஊகமல்ல. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1992 இல் வெளியான ஓர் ஆய்வு, 1986 முதல் 1991 வரை பிக்கப் வண்டிகளின் பின்தட்டிற் பயணஞ்செய்து இவ்வாயுவால் நஞ்சூட்டப்பட்ட 20 சிறுவர்களைப் பற்றிக் கூறுகிறது. அவர்களுள் 17 பேர் மூடிய கூண்டின் கீழும், 3 பேர் படங்கின் கீழும் இருந்தவர்கள். ஒரு குழந்தை இறந்தது. அவ்வாய்வின் ஒரு வரி அறவியல் மாணவர் அனைவரும் நின்று சிந்திக்க வேண்டியது. எல்லா நிகழ்வுகளிலும் வால்குழாய் பக்கவாட்டிலன்றிப் பின்புறத்தில் திறந்திருந்தது. அன்றேல், குழாயில் ஒழுக்கு இருந்தமை முன்னரே அறியப்பட்டிருந்தது. அறியப்பட்டிருந்தது என்ற அச்சொல்லிலேதான் இக்கட்டுரையின் வினா அடங்கியிருக்கிறது. அவ்வண்டிகளை ஓட்டியவர்கள் பெரும்பாலும் அக்குழந்தைகளின் உறவினராகவே இருந்திருப்பர். கொல்ல நினைத்தவர் ஒருவரும் இரார். ஒழுக்கை அறிந்திருந்தும், அதன் விளைவை அறியாதவர்கள் என்றே அவர்களைக் கூறவேண்டும். இரண்டாவது அறியாமை முதலாவது அறிவை மன்னிக்குமா?

மலையகத்தில் இவ்வினாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கம் என்பன இந்நஞ்சின் முதற் குறிகள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையிற் பின்தட்டிலிருந்து இறங்கும் எவருக்கும் இவை வருதல் இயல்பே. ‘மலை றோட்டில் தலை சுத்துது’ என்று கூறித் தேசிக்காயை முகரக் கொடுப்பார்கள். குற்றத்தின் சுவட்டைப் பாதையே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. 2016 இல் தொடங்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு முற்பட்ட நெடுங்காலம், பல தோட்டங்களிற் கொழுந்து லொறியே நோயாளர் வண்டியாகவும் இருந்தது. பிரசவ வேதனையோடு அதில் ஏற்றப்பட்ட பெண்ணின் மயக்கத்துக்கு எது காரணம் என்று எவர் பிரித்தறிந்திருக்க முடியும்?

அறியாமையின் பொறுப்பைப் பற்றி அரிஸ்டோட்டில் எழுதியிருப்பது பலரும் அறிந்ததே. குடித்துவிட்டுக் குற்றஞ் செய்தவனுக்குச் சட்டம் இருமடங்கு தண்டனை விதித்ததைச் சுட்டி, அறியாமைக்குத் தானே காரணமானவன் அதைச் சாட்டாக்க முடியாது என்றார் அவர். ஆயினும் பிக்கப் வண்டியின் வினாவுக்கு மிக அண்மையில் வருபவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிளிபர்ட். 1877 இல் வெளிவந்த ‘நம்பிக்கையின் அறவியல்’ என்ற கட்டுரையை அவர் ஒரு கப்பற் சொந்தக்காரரின் கதையோடு தொடங்குகிறார். கப்பல் பழையது, பலமுறை திருத்தப்பட்டது, புறப்படுமுன் சோதிக்க வேண்டுமோ என்ற ஐயம் சொந்தக்காரருக்கு எழுகிறது. செலவை எண்ணி அவர் மனத்தோடு போராடுகிறார், இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பல் இம்முறையும் திரும்பும் என்று தம்மைத் தேற்றுகிறார், கடவுளை நம்புகிறார். ஐயம் கரைகிறது. புலம்பெயரும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்படுகையில் அவர் மெய்யாகவே மனநிம்மதியோடு வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் அமிழ்கிறது. அவருடைய நம்பிக்கை உளப்பூர்வமானதே என்பதைக் கிளிபர்ட் மறுக்கவில்லை. அந்த நம்பிக்கையைக் கொள்ள அவருக்கு உரிமை இருந்ததா என்பதே அவர் கேட்ட கேள்வி. பொறுமையோடு ஆராய்ந்து பெற்ற நம்பிக்கையன்று அது. ஐயத்தை அமுக்கிப் பெற்றது. கப்பல் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் அவர் குற்றவாளியே என்றும் கிளிபர்ட் கூறுகிறார். 1870 இற் சூரிய கிரகணத்தைக் காணச் சென்றபோது சிசிலிக் கரையோரம் கப்பலுடைந்து உயிர்தப்பியவர் அவர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

புலம்பெயரும் ஏழைகளை ஏற்றிய கப்பல் என்ற உவமை, மலையக மக்களின் வழித்தோன்றல்களுக்கு உவமையாக மட்டும் இருக்க இயலாது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் 1864 இல் மூழ்கியதை மலையக வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. கிளிபர்ட்டின் கட்டுரை வெளிவருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு அது. கப்பலிலிருந்து கொழுந்து லொறிக்கும், லொறியிலிருந்து பிக்கப் வண்டியின் தட்டுக்கும் ஊர்தி மாறிற்று. சரக்கேற்றும் இடத்தில் மனிதரை ஏற்றும் வழக்கம் மாறவில்லை.

தமிழ் மரபு இவ்விடயத்தில் மேலைத்தேயத்துக்குப் பின்தங்கியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனைக் கள்வனென்று மெய்யாகவே நம்பினான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தவனுக்குப் பொற்கொல்லன் சொல் வசதியாக இருந்தது, ஆராயவில்லை. உண்மை வெளிப்பட்டபோது ‘தெரியாமற் செய்தேன்’ என்ற சாட்டு அவன் வாயில் எழவில்லை. தன்னையே கள்வனெனக் கூறி வீழ்ந்தான். மனுநீதிச் சோழன் கதை இதனினும் நெருக்கமானது. அதில் வருவதும் ஊர்தியாற் நேர்ந்த சாவே. இளவரசனின் தேர்ச்சில்லின் கீழே கன்று தானே துள்ளி வந்து விழுந்தது. பிராயச்சித்தம் செய்தாற் போதும் என்றனர் அமைச்சர். அரசன் ஏற்கவில்லை. இளவரசன்மேற் சுமத்தத்தக்க கவனயீனம் எதுவும் அக்கதையில் இல்லை என்பதால், தண்டனையின் நியாயத்தை இன்று எவரும் ஏற்கத் தயங்குவர்; தயங்குவதும் முறையே. ஆயின் அக்கதையிற் கவனிக்கவேண்டியது தண்டனையன்று, மணி. வாய்பேசாப் பசுவும் இழுக்கக்கூடியதாக அரண்மனை வாயிலில் ஓர் ஆராய்ச்சி மணி தொங்கியது. அதன் ஓசை அரசனைத் தூங்கவிடவில்லை. உடைந்த சைலன்சரின் ஓசையும் அத்தகைய மணியே. நிறமும் மணமும் அற்ற ஒரு கேட்டுக்கு இயற்கை தந்த ஒரே அறிவிப்பு அது. பேணித் தகடு சுற்றி அதை அடக்குபவர் மணிக்கயிற்றை அறுத்துவிட்டு நாட்டில் முறைப்பாடு இல்லை என்று மகிழும் அரசனை ஒக்கிறார். (தோட்டங்களில் லயத்துக் கூரை ஒழுகும்போது நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. ஒரு தகரம் கிடைக்கும், முறைப்பாடு அடங்கும், வளை உக்கிக்கொண்டேயிருக்கும். நிலச்சீர்திருத்தத்தால் 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் மீண்ட பின்பும் அத்தகரத்தின் பங்கு குறையவில்லை.)

இவ்வளவும் கூறியபின் எதிர்வாதத்தைச் செவிமடுக்காது விடல் நேர்மையாகாது. கிளிபர்ட்டின் கப்பற் சொந்தக்காரர் செல்வர். கப்பல் மூழ்கியதும் காப்புறுதிப் பணத்தையும் பெற்றுக்கொண்டவர். பிக்கப் சொந்தக்காரரோ பெரும்பாலும் குத்தகைத் தவணை கட்டுபவர். விளைந்த மரக்கறி அழுகுமுன் சந்தை சேர்க்கவேண்டியவர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அவரிடம் முழுத்தொகுதியையும் புதிதாக மாற்றும்படி கூறுவது எளிது. பணம் கொடுப்பவர் யார்? ‘செய்யக்கூடியதையே செய்யவேண்டும் என்று கூறலாம்’ என்ற கருத்து கான்ற் என்னும் ஜேர்மன் தத்துவஞானியின் பெயரால் வழங்குகிறது. இயலாதவனுக்குக் கடமை இல்லையெனின், ஏழைக்குக் குற்றமும் இல்லையாகும்.

இவ்வாதம் வலியது, ஆயினும் அது தாங்கக்கூடியதிலும் கூடிய பாரம் அதன்மேல் ஏற்றப்படுகிறது. மாற்ற இயலாமை வேறு. பார்க்க இயலாமை வேறு. ஒழுக்கைக் கண்டறியப் பணம் வேண்டியதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் அதை இயக்கி, வால்குழாயின் வாயைத் தடித்த துணியாற் சில கணம் அழுத்தினால், ஒழுக்குள்ள இடம் சீறும். மூட்டுக்களிற் படிந்த கரிக்கோடு அதைக் கண்ணுக்கும் காட்டும். அரை மணித்தியாலம் போதும். அதைச் செய்யாதிருப்பதற்குக் காரணம் வறுமையென்று கூறமுடியாது. கண்டால் ஏதேனும் செய்யவேண்டி வருமே என்ற அச்சமே காரணம். வறுமை மன்னிப்பது மாற்றாமையை. பாராமையை அது மன்னிக்காது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 2008 முதல் நடைமுறைக்கு வந்த புகைச் சோதனைச் சான்றிதழும் இங்கே சாட்டாக முடியாது. அது சோதித்த நாளின் செய்தி. அடுத்த கல் இடிக்கும் நாளைப்பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

சட்டம் இவ்விடத்தில் மிகத் தாமதமாகவே வந்து சேர்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, முன்யோசனையற்ற அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தலைக் குற்றமாக்குகிறது. மரணம் நிகழ்ந்தாலே அப்பிரிவு கண்விழிக்கும். ஒரே வகை ஒழுக்குள்ள இரு வண்டிகள் ஒரே மாலையில் மலையேறுகின்றன என்று கொள்ளலாம். ஒன்றின் தட்டில் உருளைக்கிழங்கு மூடைகள். மற்றையதிற் படங்கின் கீழே நான்கு பிள்ளைகள். சாரதியர் இருவரும் ஒரே அளவு கவனயீனமானவர்கள். ஒருவர் வீடு சென்று தேநீர் அருந்துவார். மற்றவரின் வாழ்வு அன்றோடு வேறாகும். பிறேக்கைச் சோதிப்பிக்காது விட்ட சாரதி ஒருவரை உதாரணமாக்கித் தோமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவஞானி 1970 களில் எழுப்பிய சிக்கல் இதுவே. அதிட்டம் குற்றத்தின் அளவை மாற்றக்கூடுமா என்று அவர் கேட்டார். முடிந்த விடை தரவில்லை. கிளிபர்ட்டோ தயங்காது, இருவரும் சமமான குற்றவாளிகள் என்பார். அவருடைய விடை கடுமையானது. எனினும் மூடைகளை ஏற்றிச் சென்றவருக்கு நாளை காலையில் துணியோடு வண்டியின் பின்னே குனியக் காரணம் தருவது அந்த விடை மட்டுமே.

மாற்றப் பணமில்லாத, ஆயினும் பார்த்துவிட்ட ஒருவர் அடுத்து என்ன செய்யவேண்டும்? மனிதரைப் பின்தட்டில் ஏற்றாது விடலாம். ஏற்றத்தான் வேண்டுமெனிற் படங்கை நீக்கிக் காற்றுக்கு வழிவிடலாம். உக்கிய வால்குழாய்க்குப் பதிலாக ஒரு முழம் குழாயாவது பக்கவாட்டில் வெளியே நீளும்படி ஒட்டுவிக்கலாம். முழுத்தொகுதியின் விலையோடு ஒப்பிடின் அது அற்பம். எதுவும் இயலாதெனின், ஏறுபவர்களிடம் சொல்லலாம். இடரை எவர் சுமக்கிறாரோ அவரே அதை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்கட்டும் என்பது நியாயமாகவே தோன்றும்.

ஆனால் இந்நியாயமும் மலைச்சரிவிலே வழுக்குகிறது. மாலை ஆறு மணி; மழை தூறுகிறது; கடைசி பஸ் போய்விட்டது; கடைவீதியில் அரிசியும் மாவும் வாங்கிய பெண்ணொருத்தி, காய்ச்சற்காரப் பிள்ளையை இடுப்பிலேந்தித் தோட்டச் சந்தியில் நிற்கிறாள். வண்டி நிற்கிறது. ‘சைலன்சர்ல ஒழுக்கு இருக்கு அக்கா, பொகை உள்ள வரும்’ என்று சாரதி உண்மையைச் சொல்கிறார். ‘பரவாயில்ல தம்பி’ என்று அவள் ஏறிவிடுகிறாள். முன்னாசனத்தில் ஏற்கெனவே இருவர் இருக்கிறார்கள். அவள் அறிந்தே ஏறினாள் என்று சாரதி தம்மை ஆற்றிக்கொள்ளலாம். ஏறாதிருக்க அவளுக்கு வழி இருந்ததா என்ற கேள்வி சாரதியோடு மட்டும் நின்றுவிடுவதன்று; பஸ்ஸை ஆறு மணிக்கு முன்னே நிறுத்திக்கொண்டவர்களிடமும், பாதையின் கல்லைப் பெயர்ந்தபடியே விட்டவர்களிடமும் அது செல்லவேண்டும். அவர்கள் எவரும் அந்த வண்டியின் ஓசையைக் கேட்டதில்லை. முன்னாசனத்திலுள்ள இருவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இறங்கிப் பின்னே வருவாரா என்று சாரதி திரும்பிப் பார்க்கிறார்.